மாடி அறையில் வீட்டுப் பாடம்: அலமாரி தொய்யுது, போர்டு அழியல, மத்தியானம் உக்கார முடியல

பெருமாள்புரம் அம்மா:
பையனுக்கு 10 வயசு, உயரம் 138 செ.மீ. பாப்பாவுக்கு 6, உயரம் 115. ரெண்டு பேருக்கும் வீட்டுலயே பாடம். மாடியில 10-க்கு 12 அடி அறை ஒதுக்கியாச்சு. சுவர் பழைய சுண்ணாம்புக் காரை, கூரை பின்னால போட்ட கான்கிரீட். ஒரே ஜன்னல், மேற்க பாத்து. இப்போ உள்ள கோளாறு:

4 அடி அகலம், 6 அடி உயரம், அஞ்சு தட்டு அலமாரி. ஒவ்வொரு தட்டும் நடுவுல ஒரு இஞ்சு தொய்ஞ்சிட்டு, அடித்தட்டு ஓரம் ஆப்பம் மாதிரி உப்பிட்டு. வெள்ளை போர்டு ஜன்னலுக்கு எதிர்ச்சுவர்ல இருக்கு. பழைய எழுத்து நிழலா நிக்குது, பளபளப்புல பாதி தெரியல. சாயங்காலம் லைட்டு போட்டா நோட்டு மேல நிழல் வெட்டி வெட்டி ஓடுது. ரெண்டு மணிக்கு மேல வெக்கை தாங்காம பிள்ளைக கீழ பட்டாசாலைக்கு (கூடத்துக்கு) ஓடிருதுக. டப்பா டப்பாவா வாங்கியும் எல்லாம் தரையிலதான் கிடக்கு. எதை முதல்ல சரி பண்ண?

தச்சுப்பட்டறை:
தங்கச்சி, அலமாரி என்ன பலகை? வெட்டின ஓரத்தை நகத்தால சுரண்டுங்க. தூளா உதிர்ந்தா பார்ட்டிகிள் போர்டு, அடுக்கடுக்கா தெரிஞ்சா பிளைவுட். சுவரோட ஒட்டியா நிக்குது?

பெருமாள்புரம் அம்மா:
உதிருது அண்ணாச்சி. வடக்குச் சுவரோட ஒட்டித்தான் நிக்கு. ஐப்பசி, கார்த்திகையில அந்தச் சுவர் ஈரம் ஏறி ஓதம் காக்கும். அடித்தட்டு தரையிலயே உக்காந்திருக்கு.

தச்சுப்பட்டறை:
அப்போ ரெண்டு வியாதி. உப்புனது ஓதத்தால, தொய்ஞ்சது நீளத்தால.

உப்புன பார்ட்டிகிள் போர்டு காய்ஞ்சாலும் பழைய கனத்துக்கு வராது. அந்த ஒரு தட்டை மட்டும் கழத்தி 18 மி.மீ. பிளைவுட் போடுங்க. 303-ஆம் எண் ஐ.எஸ். (இந்தியத் தர) முத்திரையில பி.டபிள்யூ.ஆர்.னு போட்ட, தண்ணி தாங்குற ரகம் போதும். வெட்டின நாலு ஓரத்துக்கும் பெயின்டோ வார்னிஷோ ரெண்டு பூச்சு கட்டாயம், தண்ணி ஏறுறது ஓரம் வழியாத்தான். அலமாரியைத் தரையிலிருந்து 4 இஞ்சு தூக்கி, சுவரை விட்டு 2 இஞ்சு தள்ளி வைங்க. பின்னால காத்து ஓடணும்.

தொய்யுறதுக்குப் புதுசு வாங்க வேண்டாம். பாடப்புத்தகத்தை நெருக்கி அடுக்கினா அடிக்கு எட்டு, பத்து கிலோ வரும். 4 அடித் தட்டுல நாப்பது கிலோ வரைக்கும் நிக்கும்லா. பலகை தொய்யுறது நீளத்தோட நாலாம் மடங்குக்கு ஏறும். நீளத்தைப் பாதியாக்கினா தொய்வு பதினாறுல ஒரு பங்காயிரும். அதனால ஒவ்வொரு தட்டுக்கும் நடுவுல ஒரு செங்குத்துப் பலகை கொடுங்க.

புத்தகத்தை இறக்குங்க. தொய்ஞ்ச தட்டைத் தலைகீழாத் திருப்பி மாட்டுங்க. இடைவெளியை ஓரத்துல அளந்து வெட்டுங்க. நடுவுல அளந்தா தொய்வோட அளவு வந்துரும், பலகை குட்டையாப் போயிரும். முக்கியமான சங்கதி, நடுப்பலகை அஞ்சும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஒரே நேர்கோட்டுல நிக்கணும், கடைசிப் பலகைக்குக் கீழ தரை வரைக்கும் ஒரு கட்டை முட்டுக் கொடுக்கணும். கொஞ்சம் விலகினாலும் பாரம் முழுக்க கீழ் தட்டோட நடுவுல போய் உக்காந்துரும். முன் ஓரத்துல 2 இஞ்சு ரீப்பர் (ஒல்லி மரச்சட்டம்) ஒண்ணைப் பசையும் திருகும் போட்டு அடிச்சா இன்னும் கெட்டி.

மேல ரெண்டு மூலையிலயும் எல் கிளாம்பு போட்டு சுவரோட பிடிக்கணும். அந்த 2 இஞ்சு சந்துல கட்டை வச்சு அது வழியா திருகு ஏத்துங்க. ஆறு வயசுப் பிள்ளை தட்டுல கால் வச்சு ஏறும், ஏறாதுன்னு நம்பாதீங்க.

வயரிங்காரன்:
நிழல் வெட்டுறது ஃபேன் றெக்கையால. டியூப் றெக்கைக்கு மேல இருக்கு, அதான். டியூபைச் சுவர்ல ஏழு, ஏழரை அடி உயரத்துக்கு இறக்குங்க. ஒண்ணு பத்தாது, 20 வாட் எல்.ஈ.டி. ரெண்டு, வேற வேற சுவர்ல. ஒண்ணு கிட்டத்தட்ட 2,000 லூமன் வெளிச்சம் தரும். ஒரு சதுர மீட்டர்ல விழுற லூமன்தான் லக்ஸ். ரெண்டும் சேர்த்து 11 சதுர மீட்டர் அறைக்கு, சுவரும் கூரையும் குடிக்கிறது போக, 200 லக்ஸ் பக்கம் நிக்கும். படிக்க 300 வேணும், அதனால எழுதுற இடத்துல ஒரு மேசை விளக்கு. வலது கைப் பிள்ளைக்கு வெளிச்சம் இடது பக்கமிருந்து வரணும்.

தட்டட்டி:
வெக்கைக்கு: ஜன்னலுக்கு உள்ள திரை போட்டுப் புண்ணியமில்ல, வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்தாச்சு. வெளிய போடணும். சுருட்டுற மூங்கில் தட்டி போதும். நிரந்தரமா அடைச்சிராதீங்க. ஆனி, ஆடியில நமக்குக் காத்து மேற்கத்தான். அதை விட்டா நெல்லையில வேற காத்து ஏது? தாள் பறக்கும், கல்லு வச்சுக்கிடுங்க.

கான்கிரீட் வாங்குன வெயிலை உடனே இறக்காது, சில மணி நேரம் பிடிச்சு வச்சுத்தான் கீழ விடும். அதான் பொழுது சாஞ்ச பிறகும் அறை கொதிக்குது. தட்டட்டியை, அதான் மொட்டை மாடித் தளத்தைக் கழுவி, சுண்ணாம்புல ஃபெவிகால் சேர்த்து ரெண்டு பூச்சு அடிங்க. பசை இல்லாம அடிச்சா முதல் மழையிலயே கரைஞ்சு ஓடிரும். மாசி கடைசிக்குள்ள செஞ்சாத்தான் பங்குனி, சித்திரைக்கு உதவும்.

கொக்கிரகுளம் டீச்சர்:
வெக்கையோட ஏன் மல்லுக்கட்டணும்? கணக்கும் எழுத்தும் காலையில எட்டுல இருந்து பதினொன்றரைக்குள்ள மாடியில. மத்தியானம் வாசிப்பு, படம் வரையுறது கீழ பட்டாசாலையில. பிள்ளைக ஓடுறது ஒழுங்கீனம் இல்லம்மா, புத்தி. கூடவே போற மாதிரி ஆளுக்கொரு ட்ரே கொடுத்துருங்க.

தரையில கிடக்கிறதுக்கு வருவோம். டப்பா பத்தாமக் கிடக்கல, கூடிப்போய்க் கிடக்கு. பாப்பா சிரமமில்லாம எடுத்துத் திருப்பி வைக்கிற உயரம் தரையிலிருந்து 40 இஞ்சு. உங்க அலமாரியில அது கீழ் மூணு தட்டு. பிள்ளைக தொடுற சாமான் அந்த மூணுல மட்டும். மேல ரெண்டு உங்களுக்கு: அடுத்த பருவத்துப் புத்தகம், பெயின்ட், பெரிய கத்தரிக்கோல், மிச்சத் தாள். அரசுப் பாடநூல்னா முப்பருவமாத்தானே வருது, நடக்குற பருவத்தை மட்டும் கீழ வைங்க. அதுலயே கீழ் தட்டுகள்ல பாடநூல் பாரம் மூணுல ரெண்டு பங்கு குறைஞ்சிரும்.

ஒரு ட்ரேயில ஒரே வேலைக்குரிய சாமான். புளியமுத்துன்னா புளியமுத்து மட்டும். பத்துப் பத்தாக் கட்டுன ஈர்க்குச்சி இன்னொண்ணுல. மூடி வேண்டாம். திறக்கிறதைப் பிள்ளை செய்யும், மூடுறதைச் செய்யாது. ட்ரேக்குப் பதிலா ஓலைக் கொட்டான் (ஓலைப் பெட்டி) நல்லா இருக்கும், மழை மாசத்துல பூஞ்சை பிடிக்கும், வெயில் அடிக்கிற அன்னைக்குக் காயப் போடணும். கொட்டான் மேல பேரு எழுதாம உள்ள இருக்குற சாமான் படத்தை ஒட்டுங்க, தட்டுலயும் அதே படம். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையும் சரியான இடத்துல வைக்கும். ஒரு நேரத்துக்கு ஆறு முதல் எட்டு ட்ரே வெளிய இருந்தாப் போதும். மிச்சத்தை மேல ஏத்தி திங்கக்கிழமை மாத்துங்க.

தாளுக்கு ஆளுக்கொரு வாரத் தட்டு. வெள்ளிக்கிழமை கவுத்து, மூணு தாளை எடுத்துத் தேதி போட்டு ஃபைல்ல வைங்க, மிச்சம் பழைய பேப்பருக்கு. தேதி போட்ட தாள் பின்னால பள்ளியில சேர்க்கும்போது பிள்ளை எந்த நிலையில இருக்குன்னு காட்ட உதவும். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்துல அடிப்படைக் கல்வி ஏ, பி, சின்னு மூணு நிலை. 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். பத்தாம் வகுப்புக்கு 14 வயசு நிறையணும். பிறப்புச் சான்று, மாற்றுச் சான்றிதழ் ரெண்டையும் அந்த அறையில வைக்காதீங்க. ஓதம் காக்குற இடம், கீழ பீரோவுக்குப் போகட்டும்.

உக்கார: பாப்பாவுக்கு நாற்காலி 12 இஞ்சு, மேசை 21. பையனுக்கு 14-15, மேசை 23-25. ஒரே மேசையில ரெண்டு பேரையும் உக்கார வச்சா ஒருத்தர் தோளைத் தூக்குவாங்க, இல்ல இன்னொருத்தர் கூனுவாங்க.

தச்சுப்பட்டறை:
டீச்சர் சொல்லுததுக்கு ரெண்டு மேசை வேணும், 10-க்கு 12-ல இடம் அடைஞ்சிரும். பையனுக்கு மேசை, பாப்பாவுக்குப் பத்தமடைப் பாய் மேல 10 இஞ்சுச் சாய்வு மேசை. வளர வளர கட்டை வச்சு உயர்த்திக்கிடலாம்.

கொக்கிரகுளம் டீச்சர்:
சரிதான் அண்ணாச்சி, ஆனா ஒரு இருபது நிமிசத்துக்கு மேல எழுத வைக்கக் கூடாது. சம்மணம் போட்டுக் குனிஞ்சே இருந்தா பிள்ளை முதுகு வலிக்குங்கும்.

வெள்ளைப் போர்டு:
நிழல் நிக்கிறதுன்னா மேல்பூச்சு தேஞ்சு மை உள்ள இறங்கியிருக்கு. பழைய எழுத்து மேலயே புது மார்க்கரால எழுதி, ஈரம் காயுமுன்ன துடைங்க, பாதி போயிரும். மிச்சத்துக்குப் பஞ்சுல சர்ஜிக்கல் ஸ்பிரிட். தேய்ப்பு நார் போட்டுத் தேய்க்கவே கூடாது, கீறல்ல மை இன்னும் ஏறும். இந்த வெக்கையில எழுத்தை ரெண்டு நாள் விட்டு வச்சாலே கடிச்சிக்கிடும், அன்னன்னைக்கு அழிங்க. பளபளப்புக்கு: ஜன்னலுக்கு எதிர இல்லாம, பக்கத்துச் சுவர்ல மாட்டி, மேல் ஓரத்தை ஒரு இஞ்சு முன்னால சாய்ங்க. கீழ் ஓரம் தரையிலிருந்து 24 இஞ்சு இருந்தா பாப்பாவும் எழுதலாம்.

பெருமாள்புரம் அம்மா:
தெக்குச் சுவர் காலியா இருக்கு. அங்க ஒரு ஆணி அடிச்சுப் பாத்தோம், காரை பொலபொலன்னு கொட்டுது, நிக்கல. எல் கிளாம்புக்கும் இதே கதைதான் ஆகுமோ? அலமாரிக்குப் பின்னால மண்ணு கோடு மாதிரி ஒண்ணும் தெரியுது.

தச்சுப்பட்டறை:
மண்ணுக் கோடுன்னா செல்லு, அதான் கறையான். ஒரு இடத்துல உடைச்சுப் பாருங்க. உள்ள வெள்ளையாப் பூச்சி ஓடுனா உயிரோட இருக்கு. கோட்டை மட்டும் துடைச்சா திரும்ப ஏறும். சுவரும் தரையும் சேருற இடத்துல ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கணும், ஆள் வச்சுத்தான் செய்யணும். கோடு கீழ் வீட்டுல எங்க இருந்து ஏறுதுன்னு பாத்து அங்கயும் போடணும், மாடியில மட்டும் போட்டா பத்தாது. மருந்து காயுத வரைக்கும் பிள்ளைக அந்தப் பக்கம் வரக்கூடாது. புத்தகத் தட்டுல பாச்சா உருண்டை போடாதீங்க, பாப்பா மிட்டாய்னு வாயில போட்டுரும்.

காரைச் சுவருக்கு ஆணி ஆகாது, சின்ன பிளக்கும் (திருகு பிடிக்கத் துளையில செருகுற பிளாஸ்டிக் குழல்) ஆகாது. டிரில் மெஷின்ல சுத்தியலா அடிக்கிற மோடை அணைச்சிட்டு, சுத்துற மோடுல மட்டும் 8 மி.மீ. துளை போடுங்க. காரையைத் தாண்டி செங்கல்லுக்குள்ள 2 இஞ்சாவது போகணும், செங்கல் இடுக்குல விழக்கூடாது. துளையில் வர்ற தூள் வெள்ளையா இருந்தா இன்னும் காரை, சிவப்பா மாறுனா செங்கல். போர்டுக்கு நாலு பிளக்கை நம்புறதை விட, 5 அடி நீளத்துக்கு ஒரு மர ரீப்பரை ஆறு இடத்துல திருகி, அந்த ரீப்பர்ல போர்டைத் தொங்க விடுங்க. அலமாரி கிளாம்புக்குச் சந்துல வைக்கிற கட்டையும் இதே மாதிரி நீள ரீப்பராப் போட்டுருங்க. முதல்ல செல்லு மருந்து, பிறகு அலமாரி, கடைசியா போர்டு; மருந்துத் துளையைச் சிமெண்டு வச்சு அடைச்ச பிறகுதான் அலமாரியைத் திரும்ப நிறுத்தணும்.