கிளவுஸ் போட்ட கையில் தயிர் வெங்காயம்

சால்னாபிரியன்:
நேற்று ராத்திரி ஒரு பரோட்டா கடை. பார்சல் கட்டுற தம்பி கிளவுஸ் போட்டிருந்தார். அதே கிளவுஸோட ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கிக் கல்லாவில் போட்டார், நெற்றி வியர்வையை வழித்தார், அப்புறம் தயிர் வெங்காயத்தை அள்ளிக் கவரில் கட்டினார். இதுக்கு வெறுங்கையே தேவலை. கிளவுஸ் சும்மா கண்துடைப்பு.

வார்டுஅக்கா:
தப்பு அந்தத் தம்பி மேல, கிளவுஸ் மேல இல்லை. நான் ஆஸ்பத்திரியில் தினமும் மாட்டுறவள். ஒரு வேலைக்கு ஒரு ஜோடி, முடிஞ்சதும் கழற்றிப் போட்டுக் கை கழுவணும். காசு வாங்க வேற ஆளை நிறுத்தியிருந்தா உங்க பிரச்சினையே இல்லையே.

கல்லுமுன்னாடி:
எட்டு வருஷமா மாஸ்டர் வேலை பார்க்கிறேன். சூடான கல்லுல அந்த பிளாஸ்டிக் சுருண்டு ஒட்டிக்கும், வீச்சுக்கு மாவும் பிடிபடாது. எங்க முதலாளி கிளவுஸ் வாங்கினதே கஸ்டமர் வீடியோ எடுக்கிறாங்கன்னுதான். சமையல்கட்டுல ஒரு குழாய் போடுங்கன்னு கேட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க எச்சில் கை கழுவுற குழாய்லதான் நானும் கழுவுறேன்.

சால்னாபிரியன்:
அப்படிச் சொல்லுங்க மாஸ்டர்! கலிபோர்னியாவில் 2014 ஜனவரியில், அப்படியே சாப்பிடுற பண்டத்தை வெறுங்கையால தொடக்கூடாதுன்னு சட்டம் வந்தது. சமையல்காரர்கள் போட்ட சத்தத்தில் அதே வருஷம் வாபஸ்.

வார்டுஅக்கா:
கிளவுஸைத்தான் விட்டாங்க தம்பி, கை கழுவுறதை விடலை.

மூணுவேளைஹோட்டல்:
ரெண்டு பேரும் ரொம்பப் பயமுறுத்தாதீங்க. சால்னா தளதளன்னு கொதிக்குது, எந்தக் கிருமி தாங்கும்?

வார்டுஅக்கா:
ஸ்டஃபைலோகாக்கஸ்னு ஒண்ணு, நம்ம மூக்கிலயும் சீழ் வச்ச காயத்திலயும் இருக்கும். கொதிக்க வச்சா கிருமி சாகும். ஆனா பண்டம் மணிக்கணக்கா வெளியில இருந்து, அதுக்குள்ள அது நஞ்சை விட்டிருந்தா, அந்த நஞ்சு கொதியிலயும் போகாது. சில மணி நேரத்தில் வாந்திதான். அதனால விரலில் வெட்டு இருந்தா கட்டுப் போட்டு அதுக்கு மேல கிளவுஸ். இதில் எனக்குப் பேரமே கிடையாது. தயிர் வெங்காயம் கொதிக்கிறதே இல்லை, அதையும் யோசிங்க.

நியூயார்க்கில் மேரி மல்லன்னு ஒரு சமையல்காரி. ஆள் திடகாத்திரம், உடம்புக்குள்ள டைபாய்டு கிருமி. 1907இல் தனிமையில் வச்சாங்க. இனி சமைக்க மாட்டேன்னு சொன்னதும் 1910இல் விட்டாங்க. 1915இல் வேற பேர்ல ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் சமைச்சுக்கிட்டிருந்தாங்க! அங்கேயும் டைபாய்டு பரவிச்சு. மறுபடி பிடிச்சு, 1938இல் சாகிறவரைக்கும் வெளியே விடலை. முகத்தைப் பார்த்துத் தெரியாதுன்னுதான் நம்ம ஊர் 2011 உணவுப் பாதுகாப்பு விதிகளில் வருஷத்துக்கு ஒரு மருத்துவப் பரிசோதனை, டைபாய்டு தடுப்பூசி எல்லாம் வச்சிருக்காங்க.

கல்லுமுன்னாடி:
அந்தச் சர்டிபிகேட் என்கிட்டயும் இருக்கு அக்கா. டாக்டர் என் முகத்தைப் பார்க்கலை. ஆறு பேருக்கும் சேர்த்து முதலாளியே வாங்கிட்டு வந்தார்.

சால்னாபிரியன்:
சரி, வயித்தால போனா லீவு தருவாங்களா மாஸ்டர்?

கல்லுமுன்னாடி:
லீவு தருவார். அன்னைக்குக் கூலி கிடையாது. அதனால யாரும் சொல்லிக்கிறதில்லை. போன மாசம் எனக்கே ரெண்டு நாள் போச்சு. பரோட்டா கல்லுல வெந்துடும்னு மனசைத் தேத்திக்கிட்டேன். வெங்காயம் நறுக்கினதும் நான்தான்.