மூன்று தலையணைகளும் ஓர் ஐ-ஜெல்லும்

சுந்தரம் பெரியப்பா (காலை 6:40): அனைவருக்கும் வணக்கம். வியாழக்கிழமை எனக்குக் குடலிறக்க அறுவை. முதுகில் முன்பே ஓர் அறுவை நடந்திருப்பதால் முதுகு ஊசி வேண்டாம், முழு மயக்கம் கொடுத்துவிடலாம் என்று மயக்க மருத்துவர் நேற்று சொன்னார். மூச்சுக்குழாய்க்குள் குழாய் போடாமல் தொண்டையில் ஒரு கருவியை மட்டும் வைப்பார்களாம். அதன் பெயர் எல்.எம்.ஏ. என்று ஒருமுறையும் ஐ-ஜெல் என்று ஒருமுறையும் காதில் விழுந்தது. இரண்டும் ஒன்றா, வேறா? வீட்டில் இதே தொழிலில் இரண்டு பேர் இருப்பதால் இங்கே கேட்கிறேன். குரல் பதிவு வேண்டாம், எழுதி அனுப்புங்கள்.

நிவேதா (காலை 7:15): வணக்கம் பெரியப்பா. ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவைதான், ஆனால் ஒன்றல்ல. மூச்சுக்குழாய்க்குள் போடும் குழாய் குரல்நாண்களைத் தாண்டி உள்ளே செல்லும். இந்தக் கருவிகளோ உள்ளே நுழையாமல், குரல்வளையின் வாயில்மேல் கிண்ணத்தைக் கவிழ்த்ததுபோல் அமர்ந்துகொள்ளும். 1981இல் லண்டனில் ஆர்ச்சி பிரெய்ன் என்ற மயக்க மருத்துவர், பல் மருத்துவத்தில் மூக்கின்மேல் வைக்கும் முகமூடி ஒன்றைக் குழாயோடு பொருத்தி இதன் முதல் வடிவத்தைச் செய்தார். இறந்தவர்களின் தொண்டையில் பிளாஸ்டர் வார்ப்பு எடுத்துப் பார்த்துத்தான் கிண்ணத்தின் வடிவத்தைச் சீர்செய்தார். 1988இல் அது விற்பனைக்கு வந்தது. அதுதான் எல்.எம்.ஏ. (குரல்வளை முகமூடி) கிளாசிக். கிண்ணத்தின் விளிம்பில் காற்று ஊதும் பை இருக்கும். சிலிக்கோனால் ஆனதால் நுண்ணுயிர் நீக்கி 40 முறை வரை பயன்படுத்தலாம்.

நிவேதா (காலை 7:19): அதன் குறை, இரைப்பையிலிருந்து ஏதாவது மேலே வந்தால் வெளியேற வழியில்லை என்பது. அதனால்தான் 2000இல் வந்த ப்ரோசீல் என்ற அடுத்த எல்.எம்.ஏ. வடிவத்தில், உணவுக்குழாயின் வாயிலில் போய் முடியும் இரண்டாவது குழல் ஒன்றைச் சேர்த்தார்கள். அந்தக் குழல் உள்ளவற்றை இரண்டாம் தலைமுறைக் கருவிகள் என்கிறோம். ஐ-ஜெல்லும் அந்த வகைதான். ஆனால் அதில் ஊதும் பையே கிடையாது. விளிம்பு முழுவதும் மிருதுவான ஜெல் போன்ற பொருள். ஒருமுறை பயன்படுத்தியதும் எறிந்துவிட வேண்டும்.

கதிர் (காலை 7:52): பெரியப்பா, அக்கா ஐ-ஜெல் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு ப்ரோசீல்தான் பிடிக்கும். கிளாசிக் ஏறக்குறைய 20 செ.மீ. நீரழுத்தம் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வரை காற்றைக் கசியாமல் பிடிக்கும். ப்ரோசீல் 30 வரை தாங்கும். ஐ-ஜெல் பெரும்பாலும் இரண்டுக்கும் இடையில்தான் நிற்கிறது. அக்கா சொன்ன இரண்டாவது குழலான இரைப்பைக் குழலிலும் வேறுபாடு உண்டு. 4ஆம் அளவு ஐ-ஜெல்லில் 4 மி.மீ. தடிமனுள்ள குழாய்தான் நுழையும். அதே அளவு ப்ரோசீலில் 5 மி.மீ.க்குச் சற்று மேலேயே நுழையும். அவசரத்தில் இரைப்பையைக் காலி செய்ய வேண்டுமென்றால் அந்த ஒரு மில்லிமீட்டர் பெரிய விஷயம்.

நிவேதா (காலை 8:05): கதிர் சொல்லும் அளவுகள் சரிதான். ஆனால் ப்ரோசீலின் முனை தொண்டையின் பின்சுவரில் மடங்கிக்கொள்ளும். சரியாக உட்காரச் சில நேரம் இரண்டாம் முயற்சி தேவைப்படும். ஐ-ஜெல்லின் பின்புறம் வழுவழுப்புக் களிம்பைத் தடவி, தலையைச் சற்று நிமிர்த்தி, மேலண்ணத்தை ஒட்டியே தள்ளினால் சில நொடிகளில் போய் நிற்கும். உடல் வெப்பத்தில் இளகித் தானாகவே இறுகப் பொருந்திவிடும் என்று சிலர் சொல்வதை நான் அவ்வளவாக நம்புவதில்லை, அது வேறு கதை. காற்றுப்பை உள்ள கருவிகளில் இன்னொரு தொல்லை, ஊதிய அழுத்தம் 60 செ.மீ. நீரழுத்தத்தைத் தாண்டக் கூடாது என்பது. கைக்குத் தோன்றியபடி ஊதிவிட்டு அழுத்தமானியை வைத்துப் பார்க்காதவர்களால்தான் தொண்டை வலியும், நரம்பு நசுங்கி நாக்கு மரத்துப்போவதும் வருகின்றன. நைட்ரஸ் ஆக்சைடு என்ற மயக்க வாயுவைக் கொடுத்தால் அது பைக்குள் ஊடுருவி, நாம் ஊதாமலே அழுத்தத்தை ஏற்றிவிடும்.

சுந்தரம் பெரியப்பா (காலை 8:20): என் எடை 72 கிலோ. எனக்கு எந்த எண் வரும்?

கதிர் (காலை 8:24): எடையை மட்டும் பார்த்தால் ஐ-ஜெல்லில் 4, எல்.எம்.ஏ.வில் 5. ஒரே ஆளுக்கு இரண்டு எண்கள்! பயிற்சி மருத்துவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

சுந்தரம் பெரியப்பா (காலை 8:31): சரியான இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்பதை எப்படி அறிவீர்கள்?

நிவேதா (காலை 8:40): நெஞ்சு ஒரே சீராக உயர்கிறதா, மூச்சில் வெளிவரும் கரியமில வாயுவின் அலை திரையில் சதுரமாக வருகிறதா என்று முதலில் பார்ப்போம். பிறகு எனக்குப் பிடித்த ஒரு சின்னச் சோதனை உண்டு. இரைப்பைக் குழலின் வெளிவாயில் ஒரு துளி ஜெல்லை வைத்துவிட்டு, கழுத்தின் அடியில், மார்பெலும்புக்கு மேலே உள்ள குழியில் விரலால் மெல்லத் தட்டுவேன். நுனி உணவுக்குழாயின் வாயிலில் இருந்தால், ஒவ்வொரு தட்டுக்கும் அந்தத் துளி நடுங்கும். ஒவ்வொரு மூச்சுக்கும் அது குமிழியிட்டால் காற்று கசிகிறது என்று பொருள். எடுத்துவிட்டு மறுபடி வைப்பேன்.

மங்கை பெரியம்மா (காலை 9:10): எல்லாவற்றையும் படித்தேன். இவர் இரவில் மூன்று தலையணை வைத்துக்கொண்டு பாதி உட்கார்ந்தபடிதான் உறங்குகிறார். படுத்தால் புளிப்பு நீர் வாய்வரை வந்துவிடுகிறது. இதை மருத்துவரிடம் சொல்லவில்லை. சாப்பாட்டுப் பழக்கம், அவரிடம் எதற்கு என்று இருந்துவிட்டார்.

நிவேதா (காலை 9:14): பெரியப்பா, இது எத்தனை நாளாக இருக்கிறது?

சுந்தரம் பெரியப்பா (காலை 9:20): ஓராண்டாக. வாரத்தில் நான்கைந்து இரவுகள்.

நிவேதா (காலை 9:33): அப்படியானால் இதுவரை நாங்கள் வாதாடியதை எல்லாம் ஒதுக்கி வையுங்கள். உங்களுக்கு இவற்றில் எதுவுமே வேண்டாம். காற்றுப்பையோடு கூடிய மூச்சுக்குழாய்க் குழாய்தான் பொருத்தம். இரண்டாவது குழல் இருப்பதால் ஆபத்து குறையும், ஆனால் மூச்சுக்குழாயின் வாசல் அடைபடுவதில்லை. அமிலம் நுரையீரலுக்குள் இறங்க வழி இருந்துகொண்டே இருக்கும். பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் அனஸ்தடிஸ்ட்ஸ் 2011இல் வெளியிட்ட ஆய்வில், முழு மயக்கம் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினருக்கு இந்தக் கருவிகள்தான் பயன்பட்டன என்று வந்தது. மயக்கத்தின்போது சுவாசப்பாதைச் சிக்கலால் நேர்ந்த மரணங்களுக்கு முதன்மைக் காரணம் இரைப்பையில் உள்ளது நுரையீரலுக்குள் போனதுதான் என்றும் அதே ஆய்வு சொன்னது. ஆறு மணி நேரம் உணவும் இரண்டு மணி நேரம் தண்ணீரும் இல்லாமல் இருந்தாலும் உங்கள் நிலைமையில் அது போதாது. இன்றே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

கதிர் (காலை 9:41): நானும் அக்காவோடு உடன்படுகிறேன். ப்ரோசீலைக்கூட வைக்க மாட்டேன்.

சுந்தரம் பெரியப்பா (பகல் 12:05): பேசிவிட்டேன். மருத்துவர் கோபிக்கவில்லை, நல்ல வேளை சொன்னீர்கள் என்றார். குழாய்தான் போடுவாராம். ஆக, காலையிலிருந்து இவ்வளவு பாடம் கேட்டும் அந்த ஐ-ஜெல் எனக்கு இல்லை.

கதிர் (பகல் 12:11): அறைக்குள் அது இருக்கும் பெரியப்பா. குழாய் போட முயன்று முடியாமல் போனால் அடுத்ததாக எடுக்க வேண்டியது இரண்டாம் தலைமுறைக் கருவிதான் என்று வழிகாட்டு நெறிகளில் இருக்கிறது. ஐ-ஜெல்லின் குழல் அகலமானது, அதன் வழியாகவே உள்நோக்கியை (உள்ளே பார்க்க உதவும் மெல்லிய கருவி) வைத்து மூச்சுக்குழாய்க் குழாயைச் செலுத்திவிடலாம். உங்கள் தலைமாட்டில், உறை பிரிக்காமல், 4ஆம் எண் ஒன்று வைத்திருப்பார்கள்.

மங்கை பெரியம்மா (பகல் 12:20): கீழ்வரிசையில் ஒரு பல் ஆடுகிறது. அதையும் சொன்னாரா என்று கேளுங்கள்.