மறு: ‘ஃபோர்சைட்’: முன்கணிப்பு வேண்டாம், ‘எதிர்வுநோக்கு’ சரிப்படுமா?

அனைவருக்கும் வணக்கம்.

நான்கு நாளாக இந்த இழையில் வந்த மடல்களை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்த பத்து, இருபது ஆண்டுகளில் என்னவெல்லாம் மாறக்கூடும் என்று ஆராய்ந்து, அதை வைத்து நிறுவனத்தின் இன்றைய உத்தியை வகுக்கிறார்களே, ஸ்ட்ராட்டஜிக் ஃபோர்சைட் என்கிறார்களே, அதற்குத்தான் சொல் தேடுகிறோம். தலைப்பில் உள்ள ‘எதிர்வுநோக்கு’ தவிர, இதுவரை வந்தவை முன்கணிப்பு, முன்னறிதல், தொலைநோக்கு, எதிர்காலவியல்.

> முன்கணிப்பு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, எல்லோருக்கும் புரிகிறது, புதுச்சொல் எதற்கு?

புரிகிறதுதான், ஆனால் தவறாகப் புரிகிறது. போன மாதம் வரை நானும் அந்தச் சொல்லைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு நிறுவனத்தின் மேலாளர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி. தமிழ்க் குறிப்பேடு எழுதிக் கொடுத்தது நான். அட்டையிலும் ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பிலும் ‘முன்கணிப்பு’. இரண்டாம் நாள் வெள்ளைப்பலகையில் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு போட்டு நான்கு கட்டமாகப் பிரித்தோம். மூலப்பொருள் தாராளமாகக் கிடைக்குமா, தட்டுப்பாடு வருமா என்பது ஒரு கோடு. விதிமுறைகள் இறுகுமா, தளருமா என்பது இன்னொன்று. நான்கு குழுக்கள் உட்கார்ந்து, தங்கள் கட்டத்து உலகில் தொழில் எப்படி இருக்கும், யார் வாடிக்கையாளர், எது விலைபோகாது என்று மூன்று மணி நேரம் எழுதினார்கள், நன்றாகவே எழுதினார்கள். கடைசியில் விற்பனைப் பிரிவின் தலைவர் எழுந்து வந்தார். சிவப்பு மார்க்கரை எடுத்து ஒரு கட்டத்தைச் சுற்றி வட்டம் போட்டார், மற்ற மூன்றின் மேலும் பெருக்கல் குறி போட்டார். “இதுதான் நடக்கும். இதற்குத் திட்டம் போட்டால் போதும்” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை.

அவர்மேல் எனக்குக் குறையே இல்லை. அட்டையில் இருந்த சொல் அவரை அதைத்தான் செய்யச் சொன்னது. கணிப்பு என்றால் விடை ஒன்றுதான், மற்றவை பிழை. இந்தத் துறையோ விடை ஒன்றாக இருக்காது என்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஷெல் என்ற எண்ணெய் நிறுவனத்தை. 1970களின் தொடக்கத்தில் அங்கே பியர் வாக்கும் அவருடைய குழுவும் செய்தது, இந்த மாதம் எண்ணெய் இந்த விலைக்குப் போகும் என்று சொல்வது அல்ல. எண்ணெய் வளம் உள்ள நாடுகள், நமக்குத் தேவையான பணத்துக்கு மேல் எதற்கு இறைக்க வேண்டும் என்று நினைத்தால் என்ன ஆகும் என்று கேட்டு, அந்த நிலைமைக்குள் மேலாளர்களை முன்கூட்டியே மனத்தால் நடந்து பார்க்க வைத்தார்கள். 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது, சில மாதங்களில் விலை ஏறக்குறைய நான்கு மடங்கானது. ஷெல்லில் இருந்தவர்களுக்கு அது முன்பே ஒருமுறை போய்வந்த ஊர் மாதிரி இருந்தது. ஒரே ஒரு கட்டத்துக்கு வட்டம் போட்டிருந்தால் இது நடந்திருக்காது.

சரி, அடுத்தது ‘முன்னறிதல்’. அழகான சொல், எனக்கும் பிடிக்கும். ஆனால் அறிந்தால் போதுமா? ஃபிலிம் விற்றே வளர்ந்த கோடாக் நிறுவனத்துக்குள்ளேயே 1975இல் ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் டிஜிட்டல் கேமரா ஒன்றைக் கட்டிமுடித்துவிட்டார். ஒரு படத்தை கேசட் நாடாவில் பதிய 23 நொடி பிடித்தது. வரப்போவது அவர்கள் மேசை மேலேயே இருந்தது. 2012 ஜனவரியில் அந்த நிறுவனம் திவால் மனு போட்டது. ஆக, அறிவதில் அவர்களுக்குக் குறை இல்லை. அறிந்ததை வைத்துத் தலைமை எந்தப் பக்கம் திரும்பியது என்பதில்தான் குறை. நமக்கு வேண்டிய சொல்லில் அந்தத் திரும்புதலும் கொஞ்சமாவது ஒட்டியிருக்க வேண்டும்.

‘தொலைநோக்கு’ என்பதை விஷன் என்பதற்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம், அது அங்கேயே இருக்கட்டும். நாம் போக விரும்பும் இடம் தொலைநோக்கு. நம் விருப்பத்தைக் கேட்காமல் வரக்கூடியவை வேறு. இரண்டுக்கும் ஒரே சொல் என்றால், தலைவரின் கனவையே ஆராய்ச்சி முடிவாக எழுதிவைக்கும் பழக்கத்துக்கு நாமே வழிவிட்டதாகிவிடும்.

‘எதிர்காலவியல்’ 1940களில் ஒசிப் ஃப்ளெக்ட்ஹைம் என்ற ஜெர்மன் அறிஞர் முன்வைத்த ஃபியூச்சராலஜிக்கு நேர்ச்சொல்லாகப் பொருந்தும். ஆனால் துறையிலேயே பலர் அந்தப் பெயரை விட்டு விலகிவிட்டார்கள். இன்னும் நடக்காத ஒன்றைக் கல்லையும் செடியையும் போல எடுத்துவைத்து ‘இயல்’ நடத்த முடியாது என்பது அவர்கள் வாதம், எனக்கும் அது சரியாகவே படுகிறது. பிரெஞ்சுக்காரர்கள் இதில் நல்ல வேலை செய்தார்கள். கணித்துச் சொல்வதற்கு அவர்களிடம் வேறு சொல் இருந்தும், 1950களில் காஸ்தோன் பெர்ஜே என்ற தத்துவ அறிஞர் ‘ப்ராஸ்பெக்தீவ்’ என்று இதற்குத் தனிப்பெயர் கொடுத்தார். நாமும் அந்தப் பிரிவினையைத்தான் செய்ய வேண்டும்.

இப்போது என் பரிந்துரை: எதிர்வுநோக்கு.

‘எதிர்வு’ நான் கட்டிய சொல் இல்லை. “இறப்பின் நிகழ்வின் எதிர்வின் என்றா” என்று தொல்காப்பியம் முக்காலத்தைச் சொல்கிறது, நன்னூலும் “இறப்பு எதிர்வு நிகழ்வு எனக் காலம் மூன்றே” என்கிறது. இலக்கண வகுப்போடு நின்றுபோன சொல் என்றும் நினைக்க வேண்டாம், இலங்கைத் தமிழில் ‘வானிலை எதிர்வுகூறல்’ இன்றும் அன்றாடம் செய்தியில் வருகிறது. இந்தச் சொல்லில் எனக்குப் பிடித்ததே அதன் திசைதான். காலம் நம்மைக் கடந்து போவது இறப்பு, நம் முகத்துக்கு நேரே வருவது எதிர்வு. “எதிரதாக் காக்கும் அறிவினார்க்கு இல்லை அதிர வருவதோர் நோய்” என்ற குறளிலும் (429) அதே திசை. அதிலும் ‘காக்கும்’ என்று செயலும் சேர்ந்தே வருகிறது, அறிந்துவிட்டு உட்கார்ந்திருப்பவரைப் பற்றி அது பேசவில்லை.

அப்புறம், பன்மை. துறையின் உயிரே இதில்தான் இருக்கிறது, வருங்காலம் ஒன்றல்ல, பல. ‘எதிர்காலங்கள்’ என்று எழுதிப் பாருங்கள், நாக்கில் தடுக்குகிறது. ‘எதிர்வுகள்’ தடுக்கவில்லை. “நான்கு எதிர்வுகளை எழுதினோம்”, “மூன்றாவது எதிர்வில் இந்தத் தொழிற்சாலையே தேவையில்லை” என்று பேச்சில் இயல்பாக வருகிறது. நேற்று இரவு இப்படியே பத்துப் பதினைந்து வாக்கியங்களை எழுதி, வாய்விட்டுப் படித்தும் பார்த்தேன்.

> ‘எதிர்’ என்றாலே பகை, மறுப்பு என்றுதானே மனத்தில் விழும்?

எதிர்பார்ப்பிலும் எதிரொலியிலும் பகை எங்கே இருக்கிறது? விருந்தினரை எதிர்கொண்டு அழைப்பது என்கிறோம், வருபவரை வாசலுக்குப் போய் வரவேற்பது அது. ஆபத்தை எதிர்கொள்வது என்றும் அதே சொல்லைத்தான் சொல்கிறோம். வருவது நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லாமல் முகம் கொடுத்து நிற்கும் சொல், இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமாக எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

‘கூறல்’ இருக்கும்போது ‘நோக்கு’ எதற்கு என்று கேட்டவருக்கு: அந்த வேறுபாடுதான் நமக்கு வேண்டியது. ஃபோர்காஸ்ட் எதிர்வுகூறல், ஃபோர்சைட் எதிர்வுநோக்கு. ஒன்று சொல்லிவிடுகிறது, இன்னொன்று பார்த்துக்கொண்டே இருக்கிறது. நோக்கம் என்ற குறிக்கோளும் பக்கத்திலேயே நிற்பதால், நான் மேலே சொன்ன அந்தத் திரும்புதலும் கொஞ்சம் ஒட்டுகிறது. ஸ்ட்ராட்டஜிக் வேண்டிய இடத்தில் ‘உத்திசார் எதிர்வுநோக்கு’ என்று நீட்டலாம். இலங்கை நண்பர்களுக்கு ‘மூலோபாய’ வசதி என்றால் அதுவும் சரி. சுருக்கி ‘எதிர்வுத்தி’ என்று மட்டும் ஆக்கிவிடாதீர்கள், அதைக் கேட்டால் எதிராளியின் உத்தி என்றுதான் தோன்றும்.

கூடவே இன்னொரு சொல். வீக் சிக்னல், அதாவது பெரிய மாற்றம் வருவதற்கு முன் மங்கலாகத் தென்படும் முதல் அடையாளம். 1975இல் இகோர் அன்சாஃப் என்ற மேலாண்மை அறிஞர் எழுதிய கட்டுரையிலிருந்து பரவியது. இங்கே ஒருவர் ‘வலுவற்ற சமிக்ஞை’ என்றார். வலு இல்லை என்பதா முக்கியம்? இன்னும் விரியவில்லை என்பதுதானே. ‘அரும்பறிகுறி’ என்று சொல்லிப் பாருங்கள்.

சினாரியோவுக்குத்தான், அதாவது இப்படியும் நடக்கலாம் என்று விரித்து எழுதும் ஒவ்வொரு நிலைமைக்கும் பெயர் வைக்கத்தான், ரொம்ப நேரம் முட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்க உத்தி ஆய்வாளர் ஹெர்மன் கான் காலத்தில் திரைத்துறையிலிருந்து எடுத்து வந்த சொல் அது, அதனால் ‘எதிர்வுக்கதை’ என்று எழுதி வைத்தேன், ஆனால் மேலாளர் கூட்டத்தில் கதை என்றால் ‘கதை விடுகிறார்கள்’ என்றுதான் காதில் விழும். பிறகுதான் உறைத்தது, தனிச்சொல்லே வேண்டியதில்லை. அந்த வெள்ளைப்பலகையில் இருந்தவை நான்கு எதிர்வுகள், அவ்வளவுதான். எழுதி வைக்கும் ஆவணத்துக்கு மட்டும் ‘எதிர்வு வரைவு’.

குறிப்பேட்டின் இரண்டாம் பதிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அட்டையை இப்போதே மாற்றிவிட்டேன். அரும்பறிகுறி பற்றி எனக்கே முழுத் துணிவு இல்லை, அதைவிட நல்லது இருந்தால் வியாழன் இரவுக்குள் அனுப்புங்கள், உள்பக்கங்களில் இன்னும் மாற்ற முடியும்.