செட்டிநாட்டு ஊரான கானாடுகாத்தானைச் சுற்றி நடந்து பார்க்க என்னென்ன இருக்கு?

கேள்வி: மார்கழியில் கானாடுகாத்தானில் தங்கப் போகிறோம். அரண்மனை வீடுகள் தவிர, நடந்தோ சைக்கிளிலோ போய்ப் பார்க்கிற மாதிரி பழைய இடங்கள் சொல்லுங்களேன். அம்மாவும் வருகிறார்கள்.

பதில் 1: திருமயத்தை விட்டுவிடாதீர்கள். 1687-ல் ராமநாதபுரம் அரசர் சேதுபதி கட்டிய கோட்டை, மேலே பாறையில் ஏறினால் பீரங்கியும் சுற்றிலும் கண்மாய்களும் தெரியும், ஆனால் அதைவிட எனக்குப் பெரிது அடிவாரத்தில் ஒரே குன்றைக் குடைந்த சிவன் கோயிலும் பெருமாள் கோயிலும்தான், பள்ளிகொண்ட பெருமாளைப் பாறையிலேயே செதுக்கியிருக்கிறார்கள். மதியம் நடை சாத்திவிடுவார்கள், காலையிலேயே போங்கள்.

பதில் 2: சைக்கிள் என்றால் ஆத்தங்குடி. கண்ணாடி மேல் வண்ணக் கலவை ஊற்றிக் கையாலேயே டைல்ஸ் செய்வதை நின்று பார்க்கலாம். ஊருக்குள் நடக்கும்போது ஒரு தெருவில் வாசல், அடுத்த தெருவில் பின்கட்டு என்று நீளும் வீடுகளைக் கவனியுங்கள். ஆள் குடியிருக்கும் வீடுகள், கேட்டுவிட்டு உள்ளே போங்க.

கேள்வி கேட்டவர்: நன்றி அண்ணே. அம்மாவால் படி ஏற முடியாதே?

பதில் 1: அப்போ பிள்ளையார்பட்டி கூட்டிப் போங்கள், பாறையைக் குடைந்த குடைவரைக் கோயிலில் பிள்ளையார், ஏற்றமே இல்லை. குன்றக்குடியில் முருகனுக்கு மலையேற வேண்டும், அடிவாரக் குடைவரைகளை மட்டும் பார்த்தாலே போதும்.