மறு: கோழிக்கூட்டுக் கையேடு – ‘காற்றோட்டம்’, ‘வெப்பக்காப்பு’ ஆகிய சொற்கள் குறித்து

அனைவருக்கும் வணக்கம்.

கோழிக்கூடு கட்டுவதற்கான கையேட்டுக்குத் தமிழ்ச்சொற்களைத் தேரும் இவ்விழையில் இதுவரை வந்த மடல்கள் ‘காற்றோட்டம்’ (ventilation) என்ற சொல்லை எந்தக் கேள்வியுமின்றி ஏற்றுக்கொண்டு, insulation என்பதற்கு ‘வெப்பக்காப்பு’ சரியா, ‘வெப்பத்தடை’ சரியா என்பதிலேயே நிற்கின்றன. வெப்பக்காப்பைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். வீட்டுக் கொல்லையில் நாலைந்து கோழி வளர்ப்பவருக்கான கையேட்டில் முதலில் தெளிவாக வேண்டியது காற்றோட்டம் என்ற சொல்தான் என்று கருதுகிறேன்.

நம் பேச்சில் ‘காற்றோட்டமான இடம்’ என்றால், ஒரு பக்கம் நுழைந்த காற்று உடம்பைத் தழுவி மறுபக்கம் போகும் இடம். இச்சொல்லை மனத்தில் வைத்துக் கூடு கட்டுபவர், கோழிகள் இரவில் அடையும் கட்டையின் உயரத்திலேயே எதிரெதிராக இரண்டு சாளரங்களைத் திறந்துவிடுவார். குளிர்காலத்தில் அதைவிடக் கெடுதல் வேறில்லை. கோழியின் உடல்வெப்பம் சுமார் 41 பாகை செல்சியசு. இறகுகளைச் சிலிர்த்து அவற்றுக்கிடையே அடைத்துவைக்கும் அசையாத காற்றுதான் அவ்வெப்பத்தைக் காக்கிறது. அடைந்திருக்கும் கோழியின் மேல் நேராக வீசும் குளிர்காற்று இறகைக் கலைத்து அந்தக் காற்றுப்படலத்தை அடித்துச் சென்றுவிடும்.

இதைக் கேள்விப்பட்டவர் நேர்மாறான பிழையைச் செய்கிறார். கூட்டின் எல்லா இடுக்குகளையும் அடைத்துவிடுகிறார். எச்சத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு தண்ணீர். மூச்சுக்காற்றிலும் இரவு முழுவதும் ஈரம் வெளியேறிக்கொண்டே இருக்கிறது. அந்த ஈரத்துக்குப் போக்கிடம் இல்லையென்றால் அது தகரக்கூரையின் உட்புறத்தில் துளிர்த்துக் கூளத்தின் மேல் சொட்டும். நனைந்த கூளத்தில் நுண்ணுயிர்கள் எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தைச் சிதைத்து அம்மோனியாவை உண்டாக்கும். கண்ணும் மூச்சுக்குழலும் கெடாதிருக்க, காற்றில் பத்து இலட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா இருக்கலாகாது என்பது கோழி வளர்ப்பில் வழங்கும் வரம்பு. உறைபனிப் பகுதிகளில் கொண்டையும் தாடியும் உறைந்து புண்ணாவதற்கும் குளிர் மட்டும் காரணமன்று. உலர்ந்த குளிரைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும் கோழி, ஈரமும் குளிரும் சேரும்போதுதான் எளிதில் பாதிக்கப்படுகிறது.

ஆகவே இங்கே இரண்டு நிகழ்வுகள் இருக்கின்றன. ஒன்று, கோழியின் தலைக்கு மேலே, ஈரமும் அம்மோனியாவும் கலந்த வெதுவெதுப்பான காற்று தானாக எழுந்து வெளியேற, புதுக்காற்று அதன் இடத்துக்கு மெல்ல வந்துசேர்வது. இது எக்காலத்திலும், இரவிலும்கூட, நடந்தாக வேண்டும். மற்றொன்று, கோழியின் உடல்மீது படும் வீச்சு. முன்னதற்குக் ‘காற்றுமாற்றம்’ என்ற சொல்லைப் பரிந்துரைக்கிறேன். அச்சொல்லில் ஓட்டம் இல்லை, பழையது போய்ப் புதியது வருவது மட்டுமே இருக்கிறது. பின்னதற்கு ‘ஊதல்’ போதும். ‘ஊதக்காற்று’, ‘ஊதற்காற்று’ என்று மக்கள் இன்றும் சொல்வது உடம்பில் உறைக்கும் குளிர்காற்றைத்தான். ஊதை என்ற பழஞ்சொல்லும் அதையே குறிக்கிறது. ‘குளிர்வீச்சு’ என்று ஒரு நண்பர் முன்வைத்தது தவறில்லை என்றாலும், கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டுப் புதிது செய்ய எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் காற்றோட்டம் என்ற சொல்லை விலக்கிவிடலாமா என்றால், கூடாது. வெப்பம் 30 பாகையைத் தாண்டும்போது, வியர்வைச் சுரப்பி இல்லாத கோழி வாயைத் திறந்து இரைக்கிறது, சிறகை உடலிலிருந்து விலக்கிப் பிடிக்கிறது. அப்போது அதன் மேல் படும் காற்றுதான் அதற்கு மருந்து. குளிரில் எந்த வீச்சை ஊதல் என்று தடுக்கிறோமோ, அதே வீச்சு கோடையில் காற்றோட்டம் ஆகிவிடுகிறது. எனவே, கட்டையின் உயரத்தில் இருந்து கோடையில் மட்டும் திறக்கும் கம்பிவலைச் சாளரங்களைப் பற்றிப் பேசுமிடத்தில் காற்றோட்டம் என்றும், ஆண்டு முழுவதும் மூடாத மேல்திறப்புகளைப் பற்றிப் பேசுமிடத்தில் காற்றுமாற்றம் என்றும் பிரித்து எழுதினால், எதை எப்போது மூடுவது என்ற குழப்பமே வாசகருக்கு எழாது.

அந்த மேல்திறப்புக்கு என்ன பெயர் என்பது அடுத்த கேள்வி. இவ்விழையில் வந்த ‘காலதர்’ என்ற பரிந்துரையைப் படித்ததும் மகிழ்ந்தேன். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்தில் ‘மான்கட் காலதர்’ என்றே வருகிறது. ஆயினும் அது சாளரத்தைக் குறிக்கும் சொல். சாளரம் என்றவுடன் வாசகர் அதைச் சுவரின் நடுவில் வைத்துவிடுவார், நாம் தவிர்க்க நினைக்கும் இடமோ அதுதான். ‘ஆவிபோக்கி’ என்பது புகைபோக்கியை ஒட்டி அமைந்த நல்ல சொல்லாக்கம். ஆனால் ஆவி போதல் என்பது உயிர் போவதையும் குறிப்பதால், உயிர்கள் வாழும் கூட்டுக்கு அது பொருந்தவில்லை. அதே அச்சில் ‘ஈரம்போக்கி’ என்று வைக்கலாம். புகைபோக்கி கூரையில்தான் இருக்கும் என்பதை எல்லோரும் அறிவர். ஆகையால் உயரமும் பயனும் பெயரிலேயே வந்துவிடுகின்றன. ஈரம் போகும் வழியில் அம்மோனியாவும் போய்விடும் என்பதால் அதைப் பெயரில் சேர்க்கத் தேவையில்லை. கோழி ஒன்றுக்கு ஒரு சதுர அடி ஈரம்போக்கி என்பது சிறு கூடுகளுக்குப் பலரும் கைக்கொள்ளும் கணக்கு. கூரைமுகட்டின் அடியிலும் இறவாணத்தின் (சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பின்) உட்புறத்திலும் அதைப் பகிர்ந்து அமைத்து, கீரியும் எலியும் நுழையாதபடி 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பிவலை அடிக்க வேண்டும் என்று வரையறையின் கீழேயே எழுதிவிடலாம்.

வெப்பக்காப்பு பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். ‘கதகதப்பூட்டல்’ என்ற பரிந்துரையை ஏற்க இயலாது. காப்புக்காக வைக்கும் தெர்மாக்கோல் பலகை தானாக வெப்பம் எதையும் உண்டாக்குவதில்லை, கோடையில் தகரத்தின் கனலை உள்ளே இறங்கவிடாமல் தடுப்பதும் அதே பலகைதான். இருபுறமும் பொருந்துவது காப்பு என்ற சொல்லே. மின்காப்பு என்பது முன்னரே வழக்கில் இருப்பதால் அதன் இணையாக வெப்பக்காப்பு இயல்பாக நிற்கும். ‘வெப்பத்தடை’யை, ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்ற அளவுக்கு ஒதுக்கிவைப்பது நல்லது, இரண்டையும் கலந்தால் பின்னர் எண்களைப் பற்றிப் பேசச் சொல் இராது.

வரையறையில் இரண்டு செய்திகள் விடுபடலாகாது. கோழிகள் தெர்மாக்கோலைக் கொத்தித் தின்னும், எலிகள் அதைக் குடைந்து கூடு கட்டும். ஆகவே உட்புறம் ப்ளைவுட் போன்ற பலகையால் மூடப்பட வேண்டும். வெப்பக்காப்பு கூரையின் உட்பரப்பை வெதுவெதுப்பாக வைப்பதால் ஈரம் அதில் துளிர்ப்பது குறையும், ஆனால் ஈரத்தை வெளியேற்றாது. அதனால் ஈரம்போக்கியை அடைத்து அதன்மேல் காப்புப் பலகை பொருத்தக்கூடாது.

ஒரு சொல் இன்னும் முடிவாகவில்லை. கூரையில் நீர் துளிர்ப்பதைப் பாடநூல்கள் ‘ஆவி சுருங்குதல்’ என்கின்றன. தகரக்கூரையின் கீழ் வாழ்ந்தவர்கள் ‘தகரம் வியர்க்கிறது’ என்பார்கள். கையேட்டில் ‘கூரை வியர்த்தல்’ என்றே எழுதலாம் என்பது என் கருத்து. மறுப்பு இருப்பவர்கள் காரணத்துடன் எழுதினால், வரையறைகளை இறுதி செய்யுமுன் திருத்திக்கொள்ளலாம்.

அன்புடன்.