45 வயதில் செய்தியாளராக வர விரும்புகிறேன், வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். 22 வருடமாக எலக்ட்ரீஷியன் வேலை பார்க்கிறேன். இனி செய்தித்துறைக்கு வருவது என்று முடிவெடுத்திருக்கிறேன்.

காரணம் இதுதான். எங்கே தீப்பிடித்தாலும் 'மின்கசிவே காரணம்' என்று ஒரே வரியில் செய்தி முடிந்துவிடுகிறது. மின்கசிவு வேறு, ஷார்ட் சர்க்யூட் வேறு, ஓவர்லோடு வேறு. ஒயரை இணைக்கும் டெர்மினலில் ஸ்க்ரூ லூசாக இருந்தால் அந்த இடம் மட்டும் சூடாகிக்கொண்டே போகும். கரண்ட் அளவு கூடாததால், கரண்ட் அதிகமானால் தானாகத் துண்டிக்கும் எம்.சி.பி. சுவிட்ச் ட்ரிப் ஆகாது. அப்படிக் கருகிய சுவிட்ச் போர்டுகளை எத்தனையோ தடவை கழற்றிப் பார்த்திருக்கிறேன். ஒயரிங்கை யார் செய்தது, கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று செய்தியில் யாரும் கேட்பதில்லை. அதை நான் கேட்க ஆசைப்படுகிறேன்.

நான்கு கட்டுரைகள் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டை இதழ்களுக்கு அனுப்பினேன், பதில் வரவில்லை. முழுக் கட்டுரையையும் அனுப்பியது தவறா? முதலில் கருவை மட்டும் பத்து வரியில் சொல்லி ஆசிரியரிடம் கேட்க வேண்டுமா? இந்த வயதில் டிப்ளமோ படித்தால்தான் மதிப்பார்களா?

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. வேலைக்குப் போன வீடுகளில் பார்த்ததை எழுதலாமா? நம்பித்தானே உள்ளே விட்டார்கள். பெயரையும் இடத்தையும் மறைத்தால் போதுமா, கேட்டு அனுமதி வாங்க வேண்டுமா? எனக்கு வேலை தரும் கான்ட்ராக்டர் செய்த தவறைப் பற்றி நானே எழுதுவது சரியா?

துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். ஒரு கட்டுரையைப் படித்துக் குறைகளைத் தயங்காமல் சொல்ல யாராவது முன்வந்தால் இன்றே அனுப்பிவைக்கிறேன்.