தொண்டிக்குத் தெற்கே, ஆளில்லாத கடற்கரையில் ஒரு உப்புக்கொத்தி

காரைக்குடிப் பக்கம் கேமராவோடு வருகிறவர்கள் கானாடுகாத்தான் வீடுகளையும் ஆத்தங்குடிக் கல்லையும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். தேவகோட்டை, திருவாடானை தாண்டிக் கிழக்கே போனால் தொண்டியில் கடல் வந்துவிடும் என்பது உள்ளூர்க்காரர்கள் பலருக்கே நினைப்பில் இல்லை. எனக்கு அந்தக் கடல் மேல் தீராத பிரியம்.

பாக் விரிகுடா அது. ஆழம் குறைவு, பெரிய அலை கிடையாது. மீனவர்கள் பெண் கடல் என்பார்கள். நீர் வற்றும்போது வெகுதூரத்துக்குச் சேறும் கடற்புல்லுமாகக் கிடக்கும். இந்தப் புல்லை மேய்கிற ஆவுளியா என்கிற கடற்பசுவுக்காகத்தான் 2022-ல் இதற்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது.

போன வைகாசியில் தொண்டிக்கும் காரங்காட்டுக்கும் நடுவே, பாதையே இல்லாத ஒரு மணல்திட்டுக்கு விடியும் முன் போயிருந்தேன். வெளிச்சம் வந்ததும் உப்புக்கொத்தி என்கிற சின்னக் கரையோரப் பறவை ஒன்று எனக்கு முன்னால் ஓடியது. சிறகு ஒடிந்ததுபோல ஒரு பக்கமாகச் சாய்ந்து, இழுத்து இழுத்துப் போனது. எட்ட வலையைப் பிரித்துக்கொண்டிருந்த பெரியவர், "தம்பி, அப்படியே நில்லுங்க! முட்டை கெடக்கு, காலடியப் பாருங்க" என்று சத்தம் போட்டார். இரண்டடி தள்ளி, வெறும் மணல் குழியில் மூன்று முட்டைகள். மணல் நிறம், மேலே கறுப்புப் புள்ளி. ஒரு குச்சிகூட வைத்துக் கட்டவில்லை. என்னை அங்கிருந்து இழுத்துப் போகத்தான் அந்தப் பறவை அத்தனை பாடுபட்டிருக்கிறது.

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் குஞ்சு பொரிக்கிற இந்தச் சின்ன உப்புக்கொத்தியை 2023-ல்தான் ஆய்வாளர்கள் தனி இனமாகப் பிரித்து, அனுமன் பெயரைச் சூட்டினார்கள். நம் வீட்டு வாசலில் இருக்கிற பறவைக்கு இவ்வளவு தாமதமாகப் பெயர் கிடைத்திருக்கிறது!

வந்த தடத்திலேயே பின்னால் போய், மணலில் படுத்துக்கொண்டு 400 எம்எம் லென்ஸில் காத்திருந்தேன். அது திரும்பி வந்து முட்டை மேல் உட்கார்ந்தது. வெயில் ஏறினால் திறந்த மணலில் முட்டை தாங்காது. உப்புக்கொத்திகள் வயிற்றை நீரில் நனைத்துக்கொண்டு வந்துகூட முட்டையைக் குளிரவைக்கும். நல்ல படம் வேண்டும் என்று நாம் பக்கத்திலேயே நின்றால் அந்த முட்டை போய்விடும். அதனால் நாலைந்து படத்தோடு எழுந்துவிட்டேன். இடத்தை யாருக்கும் சொல்வதாக இல்லை, கேட்காதீர்கள்.

போகிறவர்களுக்கு: வெளிறிய மணலில் கேமரா தானாகவே இருட்டாக எடுக்கும், எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்றிக்கொள்ளுங்கள். உப்புக்காற்றில் லென்ஸைக் கழற்ற வேண்டாம். அப்புறம், ஊர் ஆட்களைக் கேட்காமல் சேற்றில் இறங்காதீர்கள். முதல்முறை என்றால் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், அங்கிருந்து தொடங்கலாம்.